இடையில் இருந்த கம்பி

காரின் பழுதைப் பற்றி ஓர் இலக்கியச் சஞ்சிகைக்கு எழுதலாமா என்று சில மாதங்களாக யோசித்துக்கொண்டிருந்தேன். கவிதையும் சிறுகதையும் வருகிற பக்கத்தில் வயர் ஒன்றின் கதைக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். ஆனால் ஏறக்குறைய முப்பத்தைந்து வருடங்களாக என்னிடம் இருந்த ஒரு பிழையை எனக்குக் காட்டித்தந்தது அந்த வயர்தான். அந்தப் பிழையை நான் ஒருமுறை எழுத்திலும் செய்திருக்கிறேன். ஆகவே திருத்தத்தையும் எழுத்திலேயே செய்ய வேண்டியிருக்கிறது.

கார் என்னுடையதல்ல. என் ராத்தாவின் மகனுடையது. புத்தளத்தில் இருந்துகொண்டு ஹயர் ஓடுகிறான். விமான நிலையம், கொழும்பு ஆஸ்பத்திரிகள், மன்னார்க் கலியாண வீடுகள் என்று வாரத்தில் ஐந்து நாள் ஓட்டம். ஜப்பானில் ஓடிப் பழசாகி இங்கே வந்த, ஓட்டோ கியர் உள்ள ரீகண்டிஷன் கார். ராத்தாவின் நகைகளும் லீசிங் கடனும் சேர்ந்து வாங்கியது. 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களின் விலை ஏறிய ஏற்றம் எல்லோருக்கும் தெரியும். இருக்கிற காரைக் காப்பாற்றுவதைத் தவிர அவனுக்கு வேறு வழியில்லை. அது நின்றால் ராத்தா வீட்டு அடுப்பும் நிற்கும்.

2025 ஜனவரியில் கார் சேட்டை காட்டத் தொடங்கியது. ஐம்பது அறுபதில் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும்போது வேகமானியின் முள் திடீரென்று பூச்சியத்தில் விழும். பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல ஓர் அடி. இஞ்சின் அலறும். ஓ.டி. விளக்கு மின்னி மின்னி எரியும். அதற்குப் பிறகு கார் ஒரே கியரில் மாட்டிக்கொண்டு மாட்டு வண்டி மாதிரி இழுக்கும். நிறுத்தித் திறப்பை அணைத்து மறுபடி போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். அரை மணித்தியாலமோ இரண்டு நாளோ கழித்து மறுபடியும் அதே கதை.

அவன் காட்டிய முதல் கராஜின் பெயரும் ஊரும் இங்கே வேண்டாம். அங்கே காரின் கம்பியூட்டரில் கருவியைச் செருகினார்கள். 'பி 0720' என்று விழுந்தது. “ஸ்பீட் சென்சர் போயிட்டு” என்றார்கள். பாவித்த சென்சர் ஒன்றைக் கொழும்பிலிருந்து எடுப்பித்துப் போட்டார்கள். எட்டு நாள் கார் பூப்போல ஓடியது. ஒன்பதாம் நாள் அனுராதபுரம் தாண்டும்போது முள் மறுபடியும் விழுந்தது. திரும்பிப் போனபோது கராஜ்காரர் தலையை ஆட்டினார். சென்சர் மாற்றியும் சரிவரவில்லை என்றால் பழுது உள்ளே இருக்கிறது, கியர் பெட்டியையே மாற்றவேண்டும் என்றார். பெட்டிக்கும் வேலைக்குமாக நாலு லட்சம்.

அன்றிரவு ராத்தா எனக்குத் தொலைபேசி எடுத்தாள். லீசிங் தவணை இரண்டு பாக்கி, நோன்பு வருகிறது என்றெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் மெதுவாகக் கேட்டாள்: “தம்பி, உம்மாட வளவுல என்ட பாதியைக் குடுத்திரட்டா?”

எருக்கலம்பிட்டியில் உம்மாவின் வளவு என்பது ஒரு கிணறு, ஆறு பனை, ஒரு வேம்பு, பழைய வீட்டின் அத்திவாரக் கல், அவ்வளவுதான். 1990 அக்டோபரின் கடைசி வாரத்தில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேறச் சொன்னார்கள். ஐந்து மாவட்டங்களிலிருந்தும் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் வெளியேறினர். அவர்களில் பெருந்தொகையினர் மன்னார் மாவட்டத்தவர். தீவிலிருந்த நாங்கள் கடற்கரையில் காத்துக் கிடந்து வள்ளங்களில் கற்பிட்டிக்குப் போனோம். எனக்கு அப்போது பதினாறு வயது. வாப்பா வீட்டுக் கதவைப் பூட்டித் திறப்பை இடுப்பு வாரில் செருகிக்கொண்டு வந்தார். அது முதிரை மரக் கதவு. மூத்தவாப்பா செய்வித்தது. யுத்தம் 2009இல் முடிந்து, மன்னாரையும் பெருநிலத்தையும் இணைக்கும் புதிய பாலம் 2010இல் திறந்த பிறகு நாங்கள் வந்து பார்த்தோம். கூரை இல்லை, யன்னல் இல்லை, கதவும் இல்லை. வாப்பா அதைப் பார்க்க இருக்கவில்லை. அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்வானாக. உம்மா அந்த அத்திவாரத்தில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தாள். 2012இல் நான் மன்னாருக்கு மாற்றம் எடுத்துக்கொண்டு வந்து அந்த வளவின் ஓரத்தில் ஒரு சிறு வீடு கட்டினேன். மற்றப் பாதி ராத்தாவுக்கு. இன்றைக்கோ நாளைக்கோ அவளும் வருவாள் என்ற நினைப்பில் அதை வேலியடைத்து வைத்திருந்தேன்.

அந்த நிலம் ஒரு கியர் பெட்டியாக மாறப்போகிறது. நான் ஒரு கிழமை தவணை கேட்டேன்.

மருமகன் காரை மன்னாருக்குக் கொண்டுவந்தான். வழியில் மூன்றுமுறை முள் விழுந்ததாம். வந்ததும் சொன்னான்: “மாமா, பேசாலைல ஒரு பாஸ் இருக்காராம். ஓட்டோ கியர் வேலை, வயரிங் வேலை எல்லாம் நல்லாச் செய்வாராம். ஒருக்கா அவரிட்டயும் காட்டுவோமே.”

அந்தப் பாஸ் யாரென்று எனக்குத் தெரியும். சாதாரண தரப் பரீட்சைக்கு மன்னார் பட்டினத்தில் ரியூசன் வகுப்புக்குப் போன காலத்தில் அவனும் நானும் ஒரே வாங்கு. பேசாலைக் கத்தோலிக்கப் பிள்ளை. அவனுடைய சைக்கிளில் நானும் என்னுடையதில் அவனும் ஓடியிருக்கிறோம். பெருநாளைக்கு எங்கள் வீட்டுக்கு வந்து அந்த முதிரைக் கதவில் சாய்ந்து நின்று வட்டிலாப்பம் சாப்பிட்டிருக்கிறான். ஆனால் 2012இல் ஊர் திரும்பிய நாளிலிருந்து அவனுடைய கராஜைக் கடக்கும்போதெல்லாம் நான் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டேன். காரணம், 1991இல் கற்பிட்டி முகாமில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் சொன்ன செய்தி: “உன்ட கூட்டாளி பேசாலைப் பொடியன்தானாம், நீங்க வந்த மறுநாளே உங்கட வீட்டுக் கதவக் கழட்டிக்கிட்டுப் போனதாம்.”

கிடுகுக் கொட்டிலுக்குள் மழை ஒழுக இருந்த பதினேழு வயதுப் பையனுக்கு அது போதுமானதாக இருந்தது. ஊரைப் பறித்தவர்களைவிட அந்தக் கூட்டாளியைத்தான் நான் அதிகம் வெறுத்தேன். 2003இல் அதைச் சிறுகதையாக எழுதினேன். பெயரை மாற்றியிருந்தேன். ஆனால் பேசாலை, சைக்கிள், வட்டிலாப்பம், கதவு எல்லாம் அதில் இருந்தன. வாசித்தவர்கள் பாராட்டினார்கள். உங்களில் சிலருக்கு அது இன்னும் நினைவிருக்கலாம்.

இதையெல்லாம் மருமகனுக்குச் சொல்லவில்லை. “அவன் வேண்டாம்” என்று மட்டும் சொன்னேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். “மாமா, நாலு லட்சம்” என்றான். போனோம்.

கராஜ் என்பது ஒரு தகரக் கொட்டகை. அவன் காருக்கடியிலிருந்து வெளியே வந்தான். தலை நரைத்திருந்தது. “வாங்கோ சேர்” என்றான். என்னைத் தெரியாததுபோல இருந்தது. நானும் அப்படியே இருந்துகொண்டேன்.

மருமகன் கதை முழுவதையும் சொல்லி, கடைசியில் கியர் பெட்டி மாற்ற வேண்டுமாம் என்றான். அவன் காரைத் தொடவில்லை. முதலில் கேள்விகள் கேட்டான். எப்போது தொடங்கியது? இஞ்சின் குளிராக இருக்கும்போதா, சூடேறிய பிறகா? நல்ல ரோட்டிலா, குண்டும் குழியிலா? அதற்கு முன் என்ன நடந்தது?

“ஒண்டும் நடக்கல்ல” என்றான் மருமகன்.

“யோசிச்சுச் சொல்லு தம்பி. தண்ணிக்குள்ள ஓடினதா?”

அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது. 2024 நவம்பர் கடைசியில், பிறகு ஃபெங்கால் புயலாக மாறிய அந்தத் தாழமுக்கம் வடக்கையும் கிழக்கையும் வெள்ளத்தில் போட்டபோது, மன்னாரில் ஒரு மையத்து வீட்டுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். சில்லின் அரைவாசிக்குத் தண்ணீர். இரண்டு பக்கமும் கடலும் உப்பளமும் இருக்கிற ஊரில் ரோட்டில் நிற்கிற தண்ணீர் வெறும் மழைத் தண்ணீர் அல்ல. பிறகு டிசம்பரில் பற்றரி மாற்றியிருந்தான்.

“சரி” என்றான் பாஸ். கியர் எண்ணெய்க் கோலை இழுத்து வெள்ளைக் கடதாசியில் ஒரு துளி விட்டான். சிவப்பாக இருந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு மருமகனிடம் நீட்டினான். “பெட்டிக்குள்ள கிளச் தகடு எரிஞ்சா எண்ணெய் கறுக்கும், கருகின மணம் வரும். இது அப்பிடி இல்ல. பெட்டியை இப்போதைக்குக் குற்றஞ் சொல்லாதீங்கோ.”

பிறகு கருவியைச் செருகினான். அதே பி 0720. அவன் விளக்கியதை எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன்.

ஓட்டோ கியரில் எப்போது எந்தக் கியருக்கு மாறுவது என்பதைக் கம்பியூட்டர் முடிவு செய்கிறது. அதற்குப் பெட்டிக்குள் வருகிற தண்டு எவ்வளவு வேகத்தில் சுழல்கிறது, பெட்டியிலிருந்து சில்லுகளுக்குப் போகிற தண்டு எவ்வளவு வேகத்தில் சுழல்கிறது என்ற இரண்டும் தெரியவேண்டும். இரண்டையும் வகுத்துப் பார்த்தால் எந்தக் கியரில் ஓடுகிறது, கியர் வழுக்குகிறதா என்பது தெரிந்துவிடும். ஒவ்வொரு தண்டுக்கும் ஒரு சென்சர். இந்தக் காரில் இருப்பது ஒரு காந்தமும் அதைச் சுற்றிய மெல்லிய செப்புக் கம்பிச் சுருளும். தண்டோடு சுழலும் பற்சக்கரத்தின் பல் ஒவ்வொன்றும் அதைக் கடக்கும்போது சுருளில் ஒரு சிறு மின்னலை எழும். 1831இல் ஃபரடே கண்ட அதே தத்துவம். கம்பியூட்டர் அந்த அலைகளை எண்ணுகிறது. எண்ணிக்கை வராவிட்டால் அது குருடாகிவிடும். பெட்டிக்கு ஆபத்து வராதபடி ஒரே கியரைப் பிடித்துக்கொண்டு வீடு போய்ச் சேரச் சொல்லும். அதைத்தான் நாங்கள் கார் மாட்டு வண்டியாகிவிட்டது என்று நினைத்தோம்.

“இந்த இலக்கம் சென்சர் பழுதெண்டு சொல்லேல்ல” என்றான். “வெளித்தண்டுச் சென்சரின்ர மின்சுற்றில பிழை எண்டுதான் சொல்லுது. சுற்று எண்டா சென்சரும் ஒண்டு, அதின்ர சொக்கற்றும் ஒண்டு, அங்கயிருந்து கம்பியூட்டர் மட்டும் வாற ரெண்டு வயரும் ஒண்டு, கம்பியூட்டரும் ஒண்டு. நாலு பேர் இருக்கிற வீட்டில களவு போச்செண்டு பொலிஸ் சொன்னா, முன்னுக்கு நிக்கிறவனைப் பிடிச்சுக்கொண்டு போறதே?”

எனக்கு எங்கோ குத்தியது. நான் ஒன்றும் பேசவில்லை.

காரை ஓட்டிப் பார்க்கத் தலைமன்னார் ரோட்டில் போனோம். மருமகன் ஓட்டினான். பாஸ் பக்கத்தில் இருந்து கருவியோடு இணைத்த தொலைபேசியில் இலக்கங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் பின்னால் இருந்தேன். 2020இல் திறந்த தம்பபவனிக் காற்றாலைகள் தெற்குக் கரையோரமாகச் சுழன்றுகொண்டிருந்தன. நாலு கட்டை போனதும் ‘டப்’ என்று அந்த அடி. முள் விழுந்தது.

“பாத்தனீங்களே?” என்று தொலைபேசியைப் பின்னால் நீட்டினான். வேகம் ஐம்பத்தெட்டு என்று இருந்து, அடுத்த வரியில் பூச்சியம், அதற்கடுத்து ஐம்பத்தெட்டு, மறுபடி பூச்சியம். உள்தண்டின் வேகம் அந்த வேளையில் மாறாமல் இருந்தது.

“ஐம்பத்தெட்டில ஓடுற கார் கண்ணிமைக்கிற நேரத்தில பூச்சியத்துக்கு வந்தா, நாங்கள் மூண்டு பேரும் கண்ணாடிக்கு வெளியால கிடப்பம். அப்ப இந்தப் பூச்சியம் நடக்க ஏலாத ஒண்டு. பெட்டி பழுதெண்டா இலக்கம் ஏறும், இறங்கும், வழுக்கும். இப்பிடி அறுந்து விழாது. கார் நிக்கேல்ல. செய்திதான் நிண்டது.”

திரும்பி வந்து சென்சரின் சொக்கற்றைக் கழற்றி மல்ரிமீற்றரை வைத்தான். அறுநூறு ஓமுக்குக் கொஞ்சம் குறைய. சுருள் அறுந்திருந்தால் மீற்றர் முடிவிலி காட்டும். இரண்டு முனையையும் காரின் உடம்போடு வைத்துப் பார்த்தான். தொடர்பு இல்லை, அதாவது உள்ளே கசிவு இல்லை. பிறகு முன்சில்லுகளை ஜக்கில் தூக்கி மெதுவாக ஓடவிட்டு ஏசி வோல்ற்றில் வைத்தான். சில்லு வேகம் எடுக்க எடுக்க அந்தச் சிறு மின்னழுத்தமும் ஏறியது. “சென்சர் உயிரோட இருக்கு. கழட்டின பழசு கிடக்கா?”

டிக்கியில் ஒரு சொப்பிங் பைக்குள் கிடந்தது. அதையும் அளந்தான். அதுவும் அறுநூறுக்குப் பக்கத்தில். மருமகன் வாயைப் பிளந்தான். அதைத் தூக்கி எறியாமல் விட்டது அவனுடைய கஞ்சத்தனம். குற்றம் செய்யாத ஒன்றைக் கழற்றிப் பைக்குள் போட்டு வைத்திருந்தோம்.

இனி இடையில் இருந்த கம்பிகள்தான். கண்ணாடிக்குக் கீழே, பக்கத்து ஆசனப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிற கம்பியூட்டரின் சொக்கற்றைக் கழற்றினான். சென்சரில் அளந்த அதே ஓம் கம்பிகளினூடாக இங்கேயும் வரவேண்டும். வந்தது. மருமகன் சோர்ந்துபோனான். பாஸ் சிரித்தான். “பழுது எப்பவும் இருக்கிறதில்லையே தம்பி. கூப்பிட்டுப் பாப்பம்.” மருமகனை மீற்றரைப் பார்க்க வைத்துவிட்டு, முன்னால் போய் வயர்க் கட்டை ஒவ்வொரு சாண் சாணாகப் பிடித்து மெதுவாக ஆட்டினான். மூன்று இடங்களில் ஒன்றுமில்லை. பற்றரித் தட்டுக்கு அடியில் கைவைத்து ஆட்டியதும் மருமகன் கத்தினான்: “போயிட்டு! முடிவிலி!”

பற்றரியைத் தூக்கினோம். டிசம்பரில் பற்றரி மாற்றியவர்கள் தட்டின் இரும்புக் காலை வயர்க் கட்டின்மேல் வைத்து முறுக்கியிருந்தார்கள். ரேப்பை வெட்டிப் பிரித்தபோது ஒரு வயரின் உறையில் ஒரு நகக்கண் அளவு காயம் இருந்தது. அதனூடாக உப்பு ஈரம் ஏறி உள்ளே இருந்த செம்பு பச்சைக் களிம்பாகியிருந்தது. அவன் இரண்டு விரலால் இழுத்ததும் பச்சைத் தூளாகக் கொட்டி அறுந்தது. வெளியே பார்த்தால் நல்ல வயர். இஞ்சின் சூடேறி, ரோட்டில் அதிரும்போது மட்டும் தொடர்பு விடும். முதல் கராஜில் சென்சர் மாற்றும்போது கட்டு கொஞ்சம் அசைந்து கம்பி ஒட்டிக்கொண்டிருக்கும். அதுதான் அந்த எட்டு நாள்.

மோட்டார்த் தொழிலில் இந்த இலக்கங்களுக்கு ஒரு வரிசை இருக்கிறது. 0720 சுற்றில் பிழை, 0721 காட்டும் அளவு பொருந்தவில்லை, 0722 செய்தி வரவில்லை, 0723 விட்டு விட்டு வருகிறது. ஒன்றுகூட ‘இதை மாற்று’ என்று சொல்வதில்லை. எங்கே போய் விசாரிக்க வேண்டும் என்று மட்டும்தான் சொல்கிறது. செய்தி கொண்டுவரப்பட்டால் தெளிவுபடுத்திக்கொள்ளுமாறு கட்டளையிடும் சூரா ஹுஜுராத்தின் ஆறாவது வசனத்தை ஜும்ஆக்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். பிள்ளைகளுக்குப் படிப்பித்தும் இருக்கிறேன். ஒரு மல்ரிமீற்றரைக் கையில் வைத்துக்கொண்டு அதைச் செய்து காட்டிய மனிதனை அன்றுதான் பார்த்தேன்.

ஈயம் பற்றவைக்கும் கோல் சூடேறும்வரை அவன் தேத்தண்ணி வரவழைத்தான். கோப்பையை என்னிடம் தரும்போது மெதுவாகச் சொன்னான்: “எருக்கலம்பிட்டியில முதிரைக் கதவு வீடு. இல்லையே மச்சான்?”

வந்த உடனேயே கண்டுபிடித்திருக்கிறான். நான் பேசாமல் இருந்ததால் அவனும் பேசாமல் இருந்திருக்கிறான். மன்னாரில் நான் இருப்பது அவனுக்குப் பல வருடமாகத் தெரியுமாம். நான் முகம் திருப்பிப் போவதையும் கண்டிருக்கிறானாம்.

அதற்குமேல் என்னால் ஒளிக்க முடியவில்லை. கற்பிட்டியில் கேட்டதைச் சொன்னேன். அவன் சாரம் கட்டிய மடியில் வயரை வைத்து, அழுகிய பகுதியை இரண்டு பக்கமும் நல்ல செம்பு தெரியும்வரை வெட்டிக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தவில்லை.

“தொண்ணூறு ஆகஸ்டிலயே நாங்கள் வள்ளத்தில போயிட்டம். மண்டபம் காம்ப். ஜூனில சண்டை தொடங்கின பிறகு இஞ்ச ஆர் இருந்தது? தொண்ணூற்றிரண்டிலதான் திரும்பி வந்தம். பேசாலையில ஐ.நா. காரர் வைச்ச அகதி நிலையத்தில கொஞ்ச நாள் இருந்தம். வந்து பாத்தா உங்கட ஊரில ஒரு சனம் இல்லை. நீங்கள் போனதே எனக்கு மண்டபத்தில பேப்பரில பாத்துத்தான் தெரியும்.”

ஐம்பத்தெட்டில் ஓடுகிற காரின் முள் பூச்சியத்தைக் காட்டுகிறது. அக்டோபரில் எங்கள் கதவைக் கழற்றியதாகச் சொல்லப்பட்ட பையன் ஆகஸ்டிலேயே கடலுக்கு அப்பால் ஓர் அகதி முகாமில் இருந்திருக்கிறான். நடக்க முடியாத ஒன்றை முப்பத்து நாலு வருடம் நம்பியிருந்தேன். செய்தி சொன்னவர் பொய்யர் அல்லர். அவரும் எங்கோ, யாரோ சொல்லக் கேட்டதுதான். ஒரு கொட்டிலிலிருந்து இன்னொரு கொட்டிலுக்கு வந்த அந்தக் கம்பியில் எங்கே உறை கிழிந்து உப்பு ஏறியது என்று இனிக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் 2012இலிருந்து அவனுடைய கராஜ் என் வீட்டிலிருந்து சைக்கிள் தூரத்தில்தான் இருந்தது.

“கதவு போனது மெய்” என்றான் அவன். “எடுத்திருப்பாங்கள். இயக்கமும் எடுத்தது, எங்கட ஆக்களும் எடுத்தவைதான். இல்லையெண்டு நான் சொல்லேல்ல. ஆனா நீ என்னட்டக் கேட்டிருக்கலாம்.”

இதில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எங்கள் வெளியேற்றம் ஒரு வயர்ப் பழுது அல்ல. அது தெரிந்து, தீர்மானித்து, ஒலிபெருக்கியில் அறிவித்துச் செய்யப்பட்டது. அதைத் தவறான புரிதல் என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன். ஆனால் அந்த அநியாயத்தின் கணக்கை, கைக்கு எட்டிய ஒருவனின் தலையில் எழுதியது என் வேலை. எருக்கலம்பிட்டியில் பிறந்து பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவியியல் படிப்பித்த மர்ஹூம் பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ் அந்த வேலையை வேறு விதமாகச் செய்தார். அகதிகளின் இழப்புகளை வீடு வீடாக விசாரித்துக் கணக்கெடுத்து 2001இல் ஆங்கில நூலாகத் தந்தார். 2018இல் மறையும்வரை வடக்கு முஸ்லிம்களின் உரிமைக்காகப் பேசினார். அவர் அளந்து எழுதினார். நான் அளக்காமல் எழுதினேன். என் கதைக்குக் கிடைத்த பாராட்டு அதன் உண்மைக்குக் கிடைத்தது என்று நினைத்திருந்தேன்.

ஒரு சிலர்மீதான சந்தேகத்துக்கு ஒரு சமூகத்தையே கழற்றி எறிவது என்ன என்பது நமக்குத் தெரியும். 1990இல் வடக்கில் அதை அனுபவித்தோம். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நாடு முழுக்க அனுபவித்தோம். சிலர் செய்ததற்காகப் பஸ்ஸில் நம் பெண்களின் உடுப்பைப் பார்த்தார்கள், நம் கடைகளைப் புறக்கணித்தார்கள். ஒரு வயரின் பழுதுக்குப் பெட்டியையே மாற்றச் சொல்கிற வைத்தியம் அது. அந்த வைத்தியத்தை நானும் ஒருவனுக்குச் செய்திருக்கிறேன் என்பதுதான் எனக்குக் கசக்கிறது.

அவன் புதிய வயர்த் துண்டு ஒன்றை எடுத்து இரண்டு முனையும் முறுக்கி ஈயம் வைத்தான். சூட்டில் சுருங்கும் குழாயை அதன்மேல் ஏற்றி லைட்டரால் இறுக்கினான். இரண்டு வயரையும் முன்பு இருந்ததுபோல ஒன்றோடொன்று முறுக்கியே கட்டினான். அப்படி முறுக்காமல் விட்டால் இஞ்சினின் மின்பொறி இரைச்சல் இந்த மெல்லிய அலைக்குள் புகுந்துவிடுமாம். சொக்கற்றுக்குள் கிறீஸ் வைத்தான். பற்றரித் தட்டின் காலை உரிய இடத்தில் பூட்டினான். இலக்கத்தை அழித்துவிட்டு மறுபடியும் வயர்க் கட்டை ஆட்டிப் பார்த்தான். மீற்றர் அசையவில்லை. மூவாயிரம் ரூபா கேட்டான். கூடக் கொடுத்ததை வாங்கவில்லை.

மருமகனோடு நானும் புத்தளம் போனேன். மன்னார்ப் பட்டினத்தில் நடுரோட்டில் நின்ற கழுதைகளுக்காக நிறுத்தி, பாலத்தை ஏறி, மதவாச்சி, அனுராதபுரம் என்று ராத்தா வீடு வரைக்கும் முள் ஒருமுறைகூட விழவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

வளவு மிஞ்சியது என்று ராத்தாவுக்குச் சொன்னேன். “யாரு திருத்தினது?” என்று கேட்டாள். சொன்னேன். அவள் முகம் மாறியது. “அவனா? நம்மட கதவ...”

“இல்ல ராத்தா. அவன் அப்ப இந்தியாவில மண்டபம் காம்பில இருந்திருக்கான்.”

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “உம்மாவும் அப்படியே நெனச்சுக்கிட்டுத்தானே மவுத்தானா” என்றாள்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. முகாமில் கேட்ட செய்தியை உம்மாவுக்குக் கொண்டுபோய்ச் சொன்னவன் நான். அந்த முனையை இனித் திருத்த முடியாது. மிச்ச முனைகளைத் திருத்தலாம். அந்தப் பெருநாளைக்கு ராத்தா வட்டிலாப்பம் ஆக்கி மருமகனிடம் கொடுத்து அனுப்பினாள். நான் அதைப் பேசாலைக்குக் கொண்டுபோனேன். என் 2003ஆம் ஆண்டுக் கதையை வாசித்தவர்களுக்கு ஒன்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். அதில் கதவைக் கழற்றிச் செல்கிற கூட்டாளி எவனோ, அவன் அதைச் செய்யவில்லை. அவனிடம் நான் கேட்கவுமில்லை.